இடுகுறியாய் ஓர் எண்

கல்லூரி ஆசிரியர் அறைகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ஒருவர் கட்டுரை எழுதி வெளியிட்டிருக்கிறார் என்றவுடன், "அந்த இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதா?" என்பார்கள். கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்பவர் குறைவு. இருக்கிறது என்றால் முகம் மலரும். இல்லை என்றால் ஓர் இரக்கப் பார்வை கிடைக்கும். கேட்பவரும் விடை சொல்பவரும் அந்த எண் எப்போது தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்பவற்றைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்காமலேயே அக்கேள்வியைப் பிறரிடம் கேட்டிருக்கிறேன். பின்னர் இதழியல் வரலாற்றைப் படிக்கும்போதுதான், நாம் எவ்வளவு பிழையான இடத்தில் அவ்வெண்ணை வைத்திருக்கிறோம் என்பது விளங்கிற்று.

பன்னாட்டுத் தொடர்வெளியீட்டுத் தர எண் என்று தமிழில் சொல்லத்தக்க அவ்வெண், பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கப் பிறந்தது. புத்தகம் ஒருமுறை பிறந்து அப்படியே நிற்கிறது. இதழோ தொடர்ந்து வாழ்கிறது. பெயர் மாறுகிறது, இடையில் நின்று மீண்டும் எழுகிறது, வேறோர் இதழோடு இணைகிறது, இரண்டாகப் பிரிகிறது. நூலகருக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிநூலில் பருவ இதழ்களுக்கெனத் தனி விதிகளை வகுக்க நேர்ந்ததும் இதனாலேயே.

நம் இதழ்களிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். இந்தியில் 1900ஆம் ஆண்டு அலகாபாத்திலிருந்து 'சரஸ்வதி' என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. மகாவீர் பிரசாத் துவிவேதியின் ஆசிரியப் பொறுப்பில் அது இந்தி உரைநடையையே உருவாக்கியது என்பர். தமிழில் 1955ஆம் ஆண்டு வ. விஜயபாஸ்கரன் தொடங்கிய முற்போக்கு இலக்கிய இதழின் பெயரும் 'சரஸ்வதி'தான். ஓர் ஆய்வாளர் அடிக்குறிப்பில் 'சரஸ்வதி, இதழ் 4' என்று மட்டும் எழுதிவிட்டால், வெளிநாட்டு நூலகர் எந்தச் சரஸ்வதியைத் தேடுவார்?

இரண்டாவது எடுத்துக்காட்டு இதற்கு நேர்மாறானது. பெரியார் 1925இல் தொடங்கிய 'குடி அரசு' 1933இல் அரசின் நடவடிக்கையால் நின்றது. அவ்விடத்தை நிரப்பப் 'புரட்சி' வந்தது. அதற்கும் நெருக்கடி நேர்ந்தபோது 1934இல் 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் 'குடி அரசு' மீண்டும் எழுந்தது. பெயர்கள் மூன்று, ஓடிய ஆறு ஒன்று. முன்னதில் ஒரு பெயருக்குள் இரண்டு இதழ்கள். பின்னதில் ஓர் இயக்கத்தின் குரலுக்கு மூன்று பெயர்கள். பெயரை மட்டும் நம்பினால் இரண்டிடத்தும் வழுக்கி விழுவோம்.

இச்சிக்கல் உலகெங்கும் இருந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் இதழ்ப் பிரிவுத் தலைவராக இருந்த கேரலின் உல்ரிக் 1932இல் பருவ இதழ்களுக்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இதழ்களின் நீண்ட பெயர்களைச் சுருக்கி எழுதுவதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைக் கையாண்டனர். அமெரிக்காவில் சார்ல்ஸ் பிஷப் என்பார் தம் சேகரிப்பை ஒழுங்குபடுத்த, இதழ்ப் பெயர்ச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு நான்கெழுத்துக் குறியீடு ஒன்றை அமைத்து 1953இல் வெளியிட்டார். 'கோடென்' எனப்பட்ட அம்முறை பின்னர் விரிவடைந்து அறிவியல் இதழ்களிடையே பரவியது. ஆயினும் அது உரோமன் எழுத்தை நம்பியது, பெயரை நம்பியது. சீனத்திலும் அரபியிலும் தமிழிலும் வரும் இதழ்களுக்கு அஃது இயல்பாகப் பொருந்தவில்லை.

கணினி நூலகங்களுக்குள் நுழைந்த 1960களில் தேவை இன்னும் கூர்மையடைந்தது. கணினிக்கு 'சரஸ்வதி' என்றால் ஒரு சரத்தின் எழுத்துகளே. கலைமகளும் தெரியாது, துவிவேதியும் தெரியாது. புத்தகங்களுக்கு இங்கிலாந்தில் தோன்றிய தர எண் 1970இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இதழ்களுக்கும் அதுபோன்று ஓர் எண் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, 1971இல் வரைவு உருவாகி, 1975இல் ஐ.எஸ்.ஓ. 3297 என்னும் தரமாக வெளிவந்தது. யுனெஸ்கோவின் அறிவியல் தகவல் திட்டத்தின் கீழ் இதற்கென ஒரு வலையமைப்பு ஏற்பட்டது. பிரெஞ்சு அரசின் ஆதரவுடன் அதன் பன்னாட்டு மையம் பாரிஸில் அமைந்தது. தொடக்கத்தில் எண்களை வெற்றிடத்திலிருந்து வழங்கவில்லை. உல்ரிக் வழிகாட்டியை அப்போது வெளியிட்டுவந்த பௌக்கர் நிறுவனம், தன் பட்டியல்களில் ஏற்கெனவே இருந்த பல்லாயிரம் இதழ்களுக்கு முதல் தொகுதி எண்களை இட்டது. ஒரு நூலகர் நாற்பதாண்டுகளுக்கு முன் தொடங்கிய பட்டியலே இந்த எண்களின் தாய்வீடு எனலாம்.

இனி, எண்ணின் அமைப்பைப் பார்ப்போம். எட்டு இலக்கங்கள், நான்கு நான்காகப் பிரித்து நடுவே ஒரு சிறு கோடு. முதல் ஏழும் இதழுக்கு உரியவை. எட்டாவது சரிபார்ப்பு இலக்கம். எடுத்துக்காட்டாக, 1869இல் தொடங்கிய 'நேச்சர்' அறிவியல் இதழின் அச்சு வடிவத்திற்குரிய எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 12, 40, 24, 6 சேர்ந்து 82 வரும். அதனை 11ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றில் ஐந்தைக் கழித்தால் 6. அதுவே கடைசி இலக்கம். அச்சுக் கோப்பவர் கைதவறி 0082 என்று முன்பின்னாக மாற்றிவிட்டால் கூட்டுத்தொகை 88 ஆகிவிடும். கடைசி இலக்கம் 0 ஆக இருக்க வேண்டியதாகும். 6 நிற்பதைக் கண்டவுடன் பிழை வெளிப்பட்டுவிடும். கணக்கில் 10 வரும்போது இரண்டு இலக்கம் எழுத இடமில்லாமையால் உரோமன் எண்ணாகிய எக்ஸ் எழுத்தை இடுவர்.

நன்னூல் படித்தவர்களுக்கு இவ்வெண்ணின் இயல்பை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம். பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகை. பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். மரம் என்பதோ காரணம் நோக்காது இட்ட பெயர். புத்தகத் தர எண் காரணப்பெயர் போன்றது. அதில் 81, 93 என்னும் பகுதிகள் இந்தியாவைக் குறிக்கும். அடுத்த பகுதி பதிப்பகத்தைக் குறிக்கும். இதழ்த் தர எண்ணோ முற்றிலும் இடுகுறி. அதில் ஊர் இல்லை, மொழி இல்லை, வெளியிடுபவர் பெயர் இல்லை, துறை இல்லை. ஆய்விதழுக்கும் எண் உண்டு. சோதிட மாத இதழுக்கும் உண்டு. படக்கதை இதழுக்கும் உண்டு. குலமும் கோத்திரமும் கேட்காமல் இடப்படும் எண் அது. முதல் ஏழு இலக்கங்களால் ஒரு கோடி எண்களை அமைக்கலாம். அவற்றுள் இதுவரை வழங்கப்பட்டவை இருபது இலட்சத்துக்கு மேல்.

எண் தனியே நிற்பதில்லை. ஒவ்வொரு எண்ணுடனும் 'திறவுத் தலைப்பு' என ஒன்று பதிவாகிறது. ஒரே பெயரில் இரண்டு இதழ்கள் இருப்பின், ஊர்ப்பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துத் தலைப்பையும் வேறாக்குவர். இதழின் பெயர் கணிசமாக மாறினால் புதிய எண் வேண்டும். ஆனால் பழைய பெயரும் புதிய பெயரும் பதிவேட்டில் ஒன்றையொன்று சுட்டி நிற்கும். 'குடி அரசு', 'புரட்சி', 'பகுத்தறிவு' ஆகியவற்றை இம்முறையில் பதிந்தால் மூன்று எண்கள் வரும்; மூன்றையும் இணைக்கும் சங்கிலியும் வரும். வெளிவரும் காலம் மாறுவதால் எண் மாறாது. 1933இல் வார இதழாகப் பிறந்த 'மணிக்கொடி' 1935இல் மாதமிருமுறை வரும் சிறுகதை இதழாயிற்று. அதற்கு ஓர் எண்ணே போதும். அச்சு இதழுக்கும் அதன் இணைய வடிவத்துக்கும் தனித்தனி எண்கள் வேண்டும். அவை இரண்டையும் ஒன்றாகக் கட்டும் இணைப்பெண் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் இப்பணி 1986இல் புதுதில்லியில் இன்ஸ்டாக் எனப்பட்ட இந்திய தேசிய அறிவியல் ஆவண மையத்தில் தொடங்கியது. அம்மையம் 1952இல் யுனெஸ்கோ உதவியுடன் நிறுவப்பட்டது. 2002இல் மற்றோர் அமைப்புடன் இணைந்து நிஸ்கேர் எனப் பெயர் மாறியது; 2021இல் மீண்டும் ஓர் இணைப்பு நிகழ்ந்து வேறு பெயர் பெற்றது. இதழ்களின் பெயர்மாற்றத்தைப் பதியும் அலுவலகமே இருமுறை பெயர் மாறியது ஒரு சுவையான செய்தி.

எண் பெறும் வழி கடினமானதன்று. விண்ணப்பத்துடன் இதழின் அட்டை, ஆசிரியர் விவரப் பக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றின் படிகளை அனுப்ப வேண்டும். இணைய இதழாயின் அது இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். கட்டணம் ஏதும் இல்லை. எண் கிடைத்தபின் ஒவ்வோர் இதழின் அட்டையிலும் கண்ணில் படும்படி, கூடுமானவரை வலப்பக்க மேல்மூலையில் அச்சிட வேண்டும். கட்டுரைகளின் தரத்தை எவரும் எங்கும் படித்துப் பார்ப்பதில்லை. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: எண் வழங்கும் மையம் ஒரு பதிவகம், மதிப்பீட்டுக் குழு அன்று. பிறப்புச் சான்றிதழ் தருபவர் குழந்தை நல்லவனாக வளருவான் என்று உறுதி தருவதில்லை.

அச்சிதழ்களுக்கு இதனோடு தொடர்புடைய மற்றொரு பதிவும் உண்டு. அதன் வரலாறு இன்னும் பழையது. 1857 எழுச்சிக்குப் பத்தாண்டு கழித்து, 1867இல் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் வந்தது. அச்சிடுபவர் நீதிபதிமுன் உறுதிமொழி அளிக்க வேண்டும். அச்சிட்டவற்றின் படிகளை அரசுக்குத் தர வேண்டும். அரசு பட்டியலிட்டது படிப்பதற்காக மட்டும் அன்று, கண்காணிப்பதற்காகவும். விடுதலைக்குப் பின் 1956இல் செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் ஏற்பட்டது. ஒரே மொழியில் நாட்டின் எப்பகுதியிலும், ஒரே மாநிலத்தில் எம்மொழியிலும் ஒரே தலைப்பு இரண்டு இதழ்களுக்கு வரலாகாது என்பது விதி. 1867ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. ஆக, இதழ்களை எண்ணும் மரபுகள் இரண்டு. ஒன்று, ஆள்வோர் அடக்குவதற்காக எண்ணியது. மற்றொன்று, நூலகர் தேடிக் கண்டெடுப்பதற்காக எண்ணியது. ஐ.எஸ்.எஸ்.என். இரண்டாம் மரபைச் சேர்ந்தது.

தமிழ்ச் சிற்றிதழ்கள் முதல் மரபை நன்கு அறிந்திருந்தன. 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்னும் இரண்டு சொற்கள் நம் சிற்றிதழ்களின் பின்னட்டையில் எத்தனை முறை அச்சாகியிருக்கும்! பதிவு அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கப் பணமும் பொழுதும் இல்லாதவர்கள் கண்ட எளிய வழி அது. அதில் ஒரு பெருமிதமும் கலந்திருந்தது. முந்நூறு பேருக்காக அச்சிடுகிறோம், அரசுக்கு இதில் என்ன வேலை என்னும் பெருமிதம். ஆனால் அதே பெருமிதம் நூலகரையும் சேர்த்தே வாசலில் நிறுத்திவிட்டது. பதிவு இல்லாத இதழ் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் ஏறாதது அடுத்த தலைமுறையின் கைக்கு எட்டவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1994 முதல் சென்னையில் நூலகமாக நிற்கவில்லை என்றால், நம் இதழியல் வரலாற்றின் பல பக்கங்கள் பழைய தாள் கடைக்கே போயிருக்கும்.

இந்நிலையில்தான் எண்ணின் பொருள் மாறிய காலம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் நடுவர் பார்வைக்கு உட்பட்ட இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும் என்று விதித்தது. 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. நடுவர் பார்வையுள்ள இதழில் வெளியான கட்டுரைக்கு 15 புள்ளிகள். நடுவர் பார்வை இல்லாவிடினும், அறியப்பட்டதும் நன்மதிப்புடையதும் தர எண் கொண்டதுமான இதழில் வெளியானால் 10 புள்ளிகள். இவ்விதியை எழுதியவர்கள் மூன்று தகுதிகளைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அறியப்பட்டதா என்பதை ஆராய வேண்டும். நன்மதிப்புடையதா என்பதைப் படித்துத்தான் சொல்ல முடியும். எண் இருக்கிறதா என்பதையோ அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனவே அலுவலகங்கள் முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டன. படிக்க வேண்டியவர்கள் படிக்காமல் இருப்பதற்கு எட்டு இலக்கங்கள் துணையாயின.

அதன்பின் நிகழ்ந்தது நாம் அனைவரும் அறிந்ததே. தர எண்ணை முகப்பில் பெரிதாக அச்சிட்டு, கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் பெறும் இதழ்கள் பெருகின. கருத்தரங்குக்கு முதல்நாள் இரவு வந்து சேரும் மூன்று பக்கக் கட்டுரைகள், மறுநாள் எண்ணுடன் கூடிய தடித்த தொகுப்பாக மேசையில் இருந்தன. ஒழுங்குபடுத்த மானியக் குழு 2017இல் ஏற்புடைய இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அவ்வாண்டிலேயே 'கேர்' என்னும் புதிய ஏற்பாட்டை அறிவித்து, 2019இல் புதிய பட்டியலை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பது கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் 'கேர்' பட்டியலும் கைவிடப்பட்டு, இதழின் தகுதியை அந்தந்த நிறுவனங்களே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. பதினைந்து ஆண்டுகள் சுற்றி, படித்துப் பார் என்னும் இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இதில் என்னையும் விலக்கிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய தமிழ் இதழ்கள் குறித்து நூலகங்களில் பல மாதங்கள் இருந்து எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று ஒரு சிற்றிதழில் வெளியானது. ஆண்டறிக்கைப் படிவத்தில் அதற்கு நேராகச் சுழியம் இட்டார்கள். இதழுக்கு எண் இல்லை. அதே ஆண்டு, ஒரே மாலையில் எழுதிப் பணமும் சேர்த்து அனுப்பிய ஐந்து பக்கக் கட்டுரைக்குப் புள்ளிகள் கிடைத்தன. முதல் கட்டுரையைப் படித்துவிட்டு முன்பின் அறியாத வாசகர்கள் நால்வர் கடிதம் எழுதினார்கள். இரண்டாவதைப் படித்ததாக ஒருவரும் இன்றுவரை சொன்னதில்லை. அதை நானே மீண்டும் படித்ததில்லை. என் படிவத்தில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.

இதனால் எண்ணே வேண்டா என்று சிற்றிதழ் நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சினம் எனக்குப் புரிகிறது. முடிவு உடன்பாடாக இல்லை. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தியபோது இப்படி ஓர் எண்ணே உலகில் இல்லை. அவ்விதழின் தகுதிக்கு அதனால் குறைவில்லை. ஆயினும் 'எழுத்து' என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை வகையாக எழுதுகிறார்கள் என்பதை வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தேடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ழகரம் ஒன்றே போதும், ஓர் இதழை நாலைந்து இடங்களில் சிதறடிக்க. எண்ணுக்கு ழகரச் சிக்கல் இல்லை. நின்றுபோன இதழ்களுக்கும் எண் இட விதி இடம் தருகிறது. பழைய இதழ்களை மின்வடிவாக்கும் நூலகங்களும் தமிழ்த் துறைகளும் இதனைச் செய்யலாம். எந்த ஆசிரியருக்கும் இதனால் புள்ளி கிடைக்காது என்பதே இப்பணியின் தூய்மைக்குச் சான்று.

இன்று சிற்றிதழோ இணைய இதழோ நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. எண்ணைப் பெறுங்கள். பேராசிரியர்கள் கட்டுரை அனுப்புவார்கள் என்பதற்காக அன்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி எங்கோ ஒரு நூலகத்தில் உங்கள் பெயரையே உடைய வேறு மூன்று இதழ்களுக்கிடையே உங்களைத் தேடுவாள். அவள் வழிதவறாமல் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காக. மதிப்பீட்டுக் குழுக்களில் அமரும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையின் வலப்பக்க மூலையைப் பார்த்தபின், தயவுசெய்து உள்ளேயும் புரட்டிப் பாருங்கள்.